புரட்டாசியில் தலையில் கொத்திய மக்பை

விலங்குகளிடம் மாட்டிக்கொண்ட கதைகள் என்று யானை, சிறுத்தை எல்லாம் இங்கே ஆளாளுக்குச் சொல்லிவிட்டீர்கள். என்னைத் துரத்தியது ஒரு பறவை.

மெல்பேர்ணில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். செப்டெம்பர் நடுப்பகுதி கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பூங்கா வழியாக வந்துகொண்டிருந்தேன். பின்னால் விர்ரென்று ஒரு சத்தம், பிடரியில் சுள்ளென்று ஒரு கொத்து. தடவிப் பார்த்தால் கையில் இரத்தம். கறுப்பும் வெள்ளையுமாக, எங்கள் ஊர்க் காகத்தின் அளவில் ஒன்று யூகலிப்டஸ் கொப்பில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் சிரித்தாள். "மக்பை அப்பா. இப்ப அது குஞ்சு பொரிக்கிற காலம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் முதலாம் புரட்டாசிச் சனி! யாழ்ப்பாணத்தில், எங்கள் கொண்டாவிலில் நின்றிருந்தால் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, அவரது வாகனமான காகத்துக்குச் சோறு வைக்கிற நாள். இங்கே அதன் சொந்தக்காரன் முதல்நாளே வந்து தலையில் கொத்திவிட்டான். (சொந்தமும் இல்லையாம். போய்க் குடியேறிய வெள்ளைக்காரர் தங்கள் ஊர் மக்பையின் பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். இது காகக் குடும்பமே இல்லை.) மனைவியிடம் தொலைபேசியில் சொல்லப்போய், அவள் கோயிலில் எனக்காக ஒரு சட்டி கூடுதலாக எரித்தாள்.

பாய்ந்து கொத்துவது பெரும்பாலும் ஆண்பறவைதான், அதுவும் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் சில வாரங்களுக்கு மட்டும். எல்லா மக்பையும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் ஆளின் முகத்தை நினைவில் வைத்திருக்குமாம். சைக்கிளில் போவோரைக் கண்டால் கூடுதல் கோபம். தலைக்கவசத்தில் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டிகளை முள்ளம்பன்றி போலக் குத்திக்கொண்டு அங்கே பெரிய மனிதர்களே போகிறார்கள்.

எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. கிணற்றடி வேம்பில் காகம் குஞ்சு பொரித்தால், தண்ணீர் அள்ளப் போகும்போது சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் போவா. சரி என்று அடுத்த நாள் பால் வாங்கப் போகையில் குடையை விரித்தேன். வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பிப் போய்விட்டது. விடியற்காலையில் அதே பறவை பாடுவதைக் கேட்டால் புல்லாங்குழல் தோற்றுப்போகும். கோபத்தையும் வைத்திருக்க முடியவில்லை.

* * *

அண்ணை, எங்கள் கதை கனடாவில், ஸ்காபரோவில், நடுச்சாமத்தில். கொக்குவிலில் இருந்து அம்மா வந்திருந்தா. பின்வளவில் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டால், பச்சைக் குப்பைத் தொட்டியைச் சாய்த்து விழுத்திவிட்டு ரக்கூன் ஒன்று முன்னங்கால்களால் கோழி எலும்பைத் தடவித் தடவி எடுக்கிறது. மனிதக் கை மாதிரியே ஐந்து விரல். மூடியின் பூட்டைத் திருப்ப மறந்தது நான்தான். அம்மா யன்னலில் நின்று, "உது மரநாயடா! பனையில ஏறி முட்டிக் கள்ளைக் குடிக்கிற கள்ளன் இஞ்சையும் வந்திட்டான்" என்று கத்தினா. அது நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தது. கண்ணைச் சுற்றிய கறுப்புப் பட்டையைப் பார்த்தால் கள்ளன் என்ற பெயர் பொருத்தம்தான்.

* * *

ஒக்டோபரில் பிரிஸ்பேன் போகிறேன் அண்ணை. குடை மட்டும் போதுமா?

* * *

போதும் தம்பி. கண்டவுடன் ஓடாதே, நடந்தே விலகிப் போ. சைக்கிள் என்றால் இறங்கி உருட்டு. அம்மாவின் சுளகை மட்டும் கொண்டுபோகாதே. ஓலைச் சாமான் என்று விமான நிலையத்தில் படிவத்தில் எழுதி, பெட்டியைத் திறந்து காட்டவேண்டி வரும்.