மன்னார் தீவில் கனிய மணல்: அம்மாவின் வளவை விலைக்குக் கேட்கிறார்கள், கொழும்பில் இருந்துகொண்டு நான் என்ன செய்யலாம்?

தீவுப்பிள்ளை (வெள்ளவத்தை):

வணக்கம். பேசாலைப் பக்கம் எங்களுக்கு ஒரு வளவு இருக்கிறது. முப்பது நாற்பது பனை, பின்பக்கம் ஒரு கிணறு. அம்மா அங்கே தனியாக இருக்கிறா. நான் வேலைக்காக வெள்ளவத்தைக்கு வந்து பதினொரு வருடம். போன கிழமை ஒருவர் வந்து, நல்ல விலை தருகிறோம், காணியைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். யாருக்காக என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. கனிய மணலுக்குத்தான் என்று அயலில் எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வேலிக்கு அப்பால் குழாய் இறக்கித் துளை போட்டு மணல் எடுத்துப் போனார்கள். அப்போதும் எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனியங்கள் எல்லாம் இருக்கிறது. வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போடும் டைட்டேனியம் டையொக்சைட் பெரும்பாலும் இல்மனைட்டில் இருந்துதான் வருகிறது. சரி, நாட்டுக்கு வருமானம் வேண்டும்தான். ஆனால் அந்த மணல்தான் எங்கள் தண்ணீர்த் தாங்கி. தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. பெய்த மழையை மணல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 'வாளியை அடிக்கு விடாதே பிள்ளை, மேலாக அள்ளு' என்று அம்மம்மா சொல்லுவா. ஒரு ஆவணி மாதம் பக்கத்து வளவில் மோட்டார் பூட்டித் தோட்டத்துக்கு இறைத்தார்கள். நாலாம் நாள் எங்கள் வீட்டுத் தேத்தண்ணீர் கரித்தது. ஒரு மோட்டாருக்கே அப்படி என்றால், நிலத்தையே கிண்டினால் என்ன ஆகும்?

2025 ஆகஸ்டில் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராகச் சனம் மன்னார் நகரில் நாள்கணக்காகத் தெருவில் நின்றபோது அம்மாவும் போனா. நான் இங்கே அலுவலகத்தில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மனதை அறுக்கிறது. கொழும்பில் இருந்து செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பத்தரமுல்லை அண்ணா:

தங்கச்சி, முதல் வேலை அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்: எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வேண்டாம், முற்பணமும் வாங்க வேண்டாம்.

நான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு வேலைகளில், அதாவது ஒரு திட்டத்தால் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே ஆராயும் வேலைகளில், கொஞ்சக் காலம் இருந்தவன். அந்த மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல முப்பது வேலை நாள் கிடைக்கும். அறிவித்தல் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும். தமிழிலேயே எழுதலாம், யாரும் எழுதலாம், கொழும்பில் இருந்தும் எழுதலாம். ஆனால் 'எங்கள் மண்ணைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதினால் அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். நீங்கள் இங்கே எழுதிய அந்த ஆவணி மாதக் கதை இருக்கிறதே, அதை எழுதுங்கள். கிணற்றின் ஆழம், எந்த மாதம் தண்ணீர் எவ்வளவு, எப்போது கரிக்கிறது என்று தேதியோடு இருந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டுவது கஷ்டம்.

அப்புறம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கனிய ஆய்வுக்கும் அகழ்வுக்கும் அனுமதி கொடுக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம் கேளுங்கள்: உங்கள் பகுதியில் யாருக்கு ஆய்வு அனுமதி, எவ்வளவு பரப்புக்கு, எப்போது வரை.

புல்மோட்டையான்:

சகோதரி, திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் ஊர் புல்மோட்டையில் கனிய மணல் எடுக்க 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்தார்கள், இப்போது அரச கம்பனியாக எடுக்கிறது. 'புல்மோட்டையில் எடுக்கவில்லையா' என்று உங்களிடமும் வந்து கேட்பார்கள். ஏமாற வேண்டாம். இங்கே கறுத்த மணல் கடற்கரையில் கிடக்கிறது. வாடைக்காற்றுக்குக் கடல் திரும்பக் கொண்டுவந்து ஒதுக்கும். உங்களுக்கு அது வீட்டு வளவுக்குள், பனைக்கு அடியில். அங்கே எடுத்ததை எந்த அலை கொண்டுவந்து போடப்போகிறது? கனியத்தைப் பிரித்துவிட்டு மிச்ச மணலைத் திரும்பக் கொட்டுவோம் என்பார்கள். கொட்டினாலும் நிலம் முந்தின மட்டத்துக்கு வராது. உங்கள் தீவோ ஏற்கெனவே பதிந்த நிலம்.

மருதானை வாசகர்:

எப்பாவலவையும் சொல்ல வேண்டும். அநுராதபுர மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், உரத்துக்குப் பயன்படும் பொஸ்பேற்று எடுக்க வெளிநாட்டுக் கம்பனியோடு அரசு ஒப்பந்தம் செய்யப் போனது. ஊர் விவசாயிகளும் விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றம் போனார்கள். முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் கூடாது என்று 2000இல் தீர்ப்பு வந்தது. இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. ஒன்றைக் கவனியுங்கள்: அடிப்படை உரிமை மனுவுக்குக் காலக்கெடு ஒரு மாதம். உரிமம் கொடுத்தபின் சட்டத்தரணி தேடினால் நாள் போய்விடும், இப்போதே பார்த்து வையுங்கள்.

தீவுப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. தகவல் கேட்டு எழுதும் கடிதத்தை இன்றிரவே தொடங்குகிறேன். வெள்ளி இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்.

அம்மாவோடு இப்போதுதான் கதைத்தேன். வந்தவர் கொடுத்த நம்பரை அடுப்படிக் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறா. கையெழுத்துப் போட மாட்டேன் என்றா. கிணற்றை அளக்கச் சொன்னேன். வாளிக்கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு நாளை காலையிலேயே பார்க்கிறாவாம். என்னுடைய பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் பாதி வெறுமையாகக் கிடக்கிறது, அதில் எழுதட்டுமா என்று கேட்டா. மேலே தேதியைப் போட்டுவிட்டு எழுதுங்கோ என்றேன்.