மிரர்லெஸ்ஸா, வாட்டர்ப்ரூஃப் காம்பாக்டா: எது கையில் இருந்தது, என்ன கிடைத்தது?

நீர்க்காகம்

லென்ஸ் மாற்றக்கூடிய நல்ல மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா, தண்ணீரில் முக்கினாலும் தாங்கும் சின்ன காம்பாக்ட் வாங்கலாமா என்று கேட்டால் எல்லோரும் ஓர் அட்டவணையைத் தூக்கிப் போடுகிறார்கள். சென்சார் இத்தனை, மெகாபிக்சல் இத்தனை, ஆழம் இத்தனை. அதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எந்தக் கேமரா கையில் இருந்தபோது எதிரே என்ன வந்தது, படம் எப்படி அமைந்தது என்று அவரவர் அனுபவத்தை எழுதினால் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. நீர்க்காகம் என்ற பெயரில் எழுதும் நானே ஆரம்பிக்கிறேன்.

கையில் ஒலிம்பஸ் டிஜி-6 என்ற வாட்டர்ப்ரூஃப் காம்பாக்ட். கரையை ஒட்டிய வெறும் பாறைகள், பவளம் எதுவும் இல்லை. ஓர் ஆள் ஆழம், உச்சி வெயில். ஸ்நார்கெல் போட்டு மிதந்துகொண்டிருந்தபோது இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. கருமணி வட்டமாக இல்லை. படுக்கைவாட்டில் ஒரு கோடு. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அதைச் சுற்றியிருந்தது பாறை இல்லை, மூச்சு விடுகிற உடம்பு என்று பிடிபட்டது. ஆக்டோபஸ்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். அலை ஆட்டியதால் ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றொரு கையில் கேமரா. ஒற்றைக் கையால் ஆன் செய்து, மைக்ரோஸ்கோப் மோடுக்குத் திருப்பி, அப்படியே அதன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அந்த மோடில் லென்ஸ் முகப்பிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்கூட ஃபோகஸ் ஆகும். ஆக்டோபஸ் பின்வாங்கவில்லை. ஒரு கரத்தை நீட்டி கேமராவைத் தடவிப் பார்க்க வந்தது. அது கண்ணாடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் எடுத்த படத்தில் உறிஞ்சிகளின் விளிம்பில் உள்ள மடிப்புகூடத் தெரிகிறது. நுனியை நோக்கிப் போகப் போக அவை சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிளகு அளவுகூட இல்லை. ஹவுசிங் என்னும் நீர்புகா உறைக்குள் வைத்த மிரர்லெஸ்ஸோடு போயிருந்தால் இரண்டு கையும் அதற்கே சரியாகிவிடும். அந்த இடுக்குக்குள் அது நுழைந்திருக்கவும் நுழையாது.

அன்று மாலையே இதற்கு மறுபக்கத்தையும் பார்த்தேன். வெயில் சாய்ந்துவிட்டது. பாறை விளிம்பின் அடியில் சிவப்பு மீன்கள் கூட்டமாக அசையாமல் நின்றன. அதே கேமரா, அதே கை. படத்தைத் திரையில் பெரிதாக்கினால் மீனுக்குச் செதிலே இல்லை. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறியதில் எல்லாம் கரைந்து வண்ணத் தீற்றலாக இருந்தது. சரி, ஃபிளாஷ் போடலாம் என்றால், லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷ் இருப்பதால் நீரில் மிதக்கும் தூசியெல்லாம் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகளாக மீனை மறைத்துவிட்டது.

காரணம் எளிய கணக்குதான். இந்த வகை காம்பாக்ட்டில் படம் பதியும் சென்சார் ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ., அதாவது 28 சதுர மி.மீ. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸில் 36 × 24, அதாவது 864 சதுர மி.மீ. முப்பது மடங்கு. காம்பாக்ட்டின் பெட்டியில் எஃப்/2 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள் (லென்ஸ் திறப்பின் எண் அது; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்). பொய் இல்லை. ஆனால் படம் முழுவதற்கும் சேர்த்துக் கிடைக்கிற வெளிச்சத்தைப் பார்த்தால், ஃபுல் ஃபிரேமில் எஃப்/11 வைத்து எடுப்பதற்குச் சமம். உச்சி வெயிலில் எஃப்/11 தாராளம். மாலையில் தாங்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் 'தூரத்தில் இருப்பதை எடுப்பது' என்று ஒன்று கிடையாது. நீர் முதலில் சிவப்பை விழுங்கும். சில மீட்டர் தாண்டினாலே எல்லாம் நீலமும் பச்சையுமாகிவிடும். அது கீழே இறங்குவதற்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் மீனுக்கும் இடையே உள்ள தூரத்துக்கும் சேர்த்துத்தான். எப்படியும் கிட்டே போய்த்தான் ஆக வேண்டும். அதனால் காம்பாக்ட்டில் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலிபோட்டோ இல்லையே என்ற குறை நீருக்குள் குறையே இல்லை. என்னைக் கேட்டால் முடிவு செய்ய வேண்டியது தண்ணீரை வைத்து இல்லை. எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் என்பதை வைத்துத்தான்.

மீன்கொத்தி

தூரம் என்று சொன்னதால் என் கதை. நீர்நாய்கள். ஆற்றின் அந்தக் கரையில் ஒரு பாறை மேல் குடும்பமாக உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தன. குறைந்தது 40 மீட்டர் இருக்கும். தூறல். நீரில் இறங்கிக் கிட்டே போகலாம் என்ற யோசனையே வேண்டாம். ஓர் அடி வைத்தாலே போய்விடும்.

கையில் 33 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், 400 மி.மீ. லென்ஸ். அந்தத் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் அடங்குவது 3.6 மீட்டர். வாலோடு சேர்த்து ஒரு மீட்டர் நீளமுள்ள நீர்நாய்க்குச் சுமார் 1,900 பிக்சல் கிடைத்தது. மீசை முடியில் தொங்கிய துளிகளை எண்ணலாம். மீனைத் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது, முன்னங்கால் இரண்டாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டது எல்லாம் பதிவாகியிருக்கிறது. டிஜி வகை காம்பாக்ட்டின் ஜூம் அதிகபட்சம் ஃபுல் ஃபிரேமில் 100 மி.மீ.க்குச் சமம். அதே இடத்தில் நின்றால் 14 மீட்டர் அகலம் உள்ளே வரும், நீர்நாய்க்கு 300 பிக்சல்கூட மிஞ்சாது. நீர்நாய் என்று நாம்தான் சொல்லிக் காட்ட வேண்டும்.

மழை என்றவுடனே வாட்டர்ப்ரூஃப் தேடுகிறவர்கள் நிறையப் பேர். தேவையே இல்லை. இப்போது வரும் நல்ல மிரர்லெஸ்களில் பொத்தான்களுக்கு அடியிலும் மூடிகளின் விளிம்பிலும் ரப்பர் சீல் இருக்கிறது. 2022இல் வந்த ஓஎம்-1 என்ற மிரர்லெஸ் ஐபி53 என்ற தூசி, நீர்த் தடுப்புத் தரச் சான்றோடு வந்தது. அதில் கடைசி 3 என்பது நீருக்கான எண்: மேலிருந்து சாய்வாக 60 டிகிரி வரை தெளிக்கும் நீரைத் தாங்கும். முக்கி எடுப்பது அதில் சேராது, அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. லென்ஸுக்கும் சீல் இருக்க வேண்டும். லென்ஸ் பொருந்தும் மவுண்ட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று லென்ஸைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜூம் செய்யும்போது நீளுகிற லென்ஸ் என்றால், உள்ளே இழுப்பதற்கு முன்னால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். மழையில் லென்ஸ் மாற்றாதீர்கள். இவ்வளவுதான் நான் கடைப்பிடிப்பது.

துடுப்பு

நான் கயாக் ஓட்டுகிறவன். மிரர்லெஸ் முன்பக்க அறையில், நீர் புகாத டிரை பேக்குக்குள் இருக்கும். காம்பாக்ட் லைஃப் ஜாக்கெட்டில் கயிறு கட்டித் தொங்கும். டால்ஃபின்கள் பக்கவாட்டில் வந்தபோது டிரை பேக்கின் வாய் மடிப்பைப் பிரிக்கலாமா என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை. ஆக, பதில் தெரிந்துபோயிற்று என்று நினைப்பீர்கள்.

பாதிதான். காம்பாக்ட்டில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. கடல் வெயிலில் பின்திரை கண்ணாடிபோல் என் முகத்தைத்தான் காட்டியது. குத்துமதிப்பாக நீட்டி அழுத்தினேன். ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் முதுகு உள்ளே போய்விட, படத்தில் நுரை மட்டும். அடுத்ததில் லென்ஸ் கண்ணாடியில் ஒட்டிய ஒரு சொட்டு, டால்ஃபினின் மேலேயே. அப்புறம் வீடியோவுக்கு மாற்றிவிட்டு அந்தப் பக்கமாகப் பிடித்துக்கொண்டே துடுப்பு போட்டேன். 4கே வீடியோவிலிருந்து எடுத்த ஒரு ஃபிரேம்தான் உருப்படியான படம்: மூச்சுத்துளை திறந்திருக்கிறது, மேலே நீர்ப்புகை.

சொட்டு ஒட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு. எடுக்கப் போகும் நேரத்தில் கேமராவை ஒரு தடவை முழுசாக நீரில் முக்கி எடுங்கள். சில நொடிகளுக்குக் கண்ணாடி மேல் நீர் ஒரே படலமாக நிற்கும், சொட்டாகத் திரளாது. துணியால் துடைத்தால் உப்புத் தீற்றல்தான் மிஞ்சும்.

தவளை

எல்லோரும் நல்ல கதையாகச் சொல்கிறீர்கள். என்னுடைய காம்பாக்ட் செத்த கதையையும் கேளுங்கள். என்ன கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. 15 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. நான் ஸ்நார்கெல் மட்டும்தான், இரண்டு மீட்டர் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் பேட்டரி மூடியைத் திறப்பேன். வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகு ஒருநாள் லென்ஸுக்கு உள்பக்கம் பனி படர்ந்தது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் திரைக்குப் பின்னால் ஒரு துளி நகர்வதைப் பார்க்க முடிந்தது. அப்புறம் ஆன் ஆகவே இல்லை. சர்வீஸ் சென்டரில் சொன்ன பதில்: நீர் புகுந்தால் உத்தரவாதம் செல்லாது, வருடம் ஒருமுறை சீல் மாற்றியிருக்க வேண்டும். மேனுவலில் பொடி எழுத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. தண்ணீருக்காகவே விற்கிற பொருளுக்குத் தண்ணீர்ச் சேதம் சேராது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அந்த 15 மீட்டர் கணக்கு அசையாத நீரில் எடுத்தது. கேமராவோடு குதித்தால் அந்த நொடியில் மூடியின் மேல் விழும் அழுத்தம் வேறு. சீல் மேல் ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ கிடந்தாலும் நீருக்கு அதுவே வழி.

உள்ளே பனி படர்ந்தாலே கேமரா போச்சு என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஈரக் காற்றில் மூடியைத் திறந்து மூடினால் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்படும். குளிர்ந்த நீருக்குள் போனதும் கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கும். ஏசி அறையில், உலர்ந்த காற்றில் பேட்டரியைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் வராது.

நத்தை

இவ்வளவையும் படித்துவிட்டு இன்னும் குழம்பியிருக்கிறேன். பையனுக்கு நீச்சல் வந்துவிட்டது, அவனோடு கடலில் மீன் பார்க்கப் போக ஆசை. பறவை எடுப்பதும் பிடிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும். மிரர்லெஸ் வாங்கி, அதற்கு ஹவுசிங் போட்டால் இரண்டும் ஆகிவிடாதா? இல்லை, மேலே சொன்ன இரண்டும் சேர்ந்த ஒரே கேமரா இருக்கிறதா?

நீர்க்காகம்

இரண்டும் சேர்ந்தது வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு மட்டும் இல்லை. கடல் ஆய்வாளர் கூஸ்டோவுக்காக ஜான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த காலிப்ஸோ கேமராவை வைத்து நிக்கான் 1963இல் நிக்கோனோஸைக் கொண்டுவந்தது. லென்ஸ் மாற்றலாம், உறையே இல்லாமல் நீரில் இறங்கலாம். ஃபிலிம் காலத்தோடு 2001இல் அந்த வரிசை நின்றது. 2013இல் அதே நிறுவனம் நிக்கான் 1 ஏடபிள்யூ1 என்று 15 மீட்டர் தாங்கும், லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் ஒன்றை வெளியிட்டது. அந்த வரிசையும் தொடரவில்லை. 2016இல் லைக்கா எக்ஸ்-யூ வந்தது, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார், அதுவும் 15 மீட்டர், லென்ஸ் நிலையானது. பழைய சந்தையில் தேடினால்தான் உண்டு, அங்கே வாங்கவும் நான் சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில்.

ஹவுசிங் நல்ல விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி. பொத்தான் கால் அங்குலம் தள்ளியிருந்தாலும் அடுத்த மாடலுக்குப் பொருந்தாது. கேமரா மாற்றினால் ஹவுசிங்கும் மாற்ற வேண்டும். விலை பல சமயம் கேமராவையே தாண்டும். லென்ஸுக்கு ஏற்ற போர்ட், அதாவது ஹவுசிங்கின் கண்ணாடி முகப்பு, தனியாக வாங்க வேண்டும். தட்டைக் கண்ணாடி என்றால் ஒளிவிலகலால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், வைடு லென்ஸின் அகலம் வீணாகும். அதற்காகத்தான் குவிந்த டோம் போர்ட். ஸ்கூபாவில் இறங்கி நீர்ப்படத்தையே வேலையாகச் செய்கிறவருக்கு இந்தச் செலவு நியாயம். ஸ்கூபாவில் முதல் நிலைச் சான்றிதழுக்கே பொதுவாக 18 மீட்டர் வரை அனுமதி, காம்பாக்ட்டின் 15 மீட்டர் அங்கே போதாது. டிஜி-6க்கு 45 மீட்டர் தாங்கும் ஹவுசிங் உண்டு. 2017இல் வந்த நிக்கான் டபிள்யூ300 உறை இல்லாமலே 30 மீட்டர் போகும், ஆனால் சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பு தராது. நீலம் பூசிய நீர்ப்படங்களில் நிறத்தை மீட்க ரா இல்லாமல் திண்டாட்டம். மென்மையான பிளாஸ்டிக் பைகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

பையனோடு மிதக்கப் போகிறீர்கள். ஓர் ஆள் ஆழம், பகல் வெளிச்சம், கைக்கெட்டும் தூரத்தில் மீன். மூன்றும் காம்பாக்ட்டின் பக்கம். பையன் கையிலும் கொடுக்கலாம், மிரர்லெஸ்ஸைக் கொடுக்க மாட்டீர்கள். பறவைக்கு அது உதவாது என்பதை மீன்கொத்தி கணக்குப் போட்டே காட்டிவிட்டார். ஆனால் பறவை அடுத்த வருடமும் கரையில் இருக்கும், பழைய மிரர்லெஸ்ஸும் நல்ல லென்ஸும் அப்புறம் வாங்கலாம். மிரர்லெஸ்ஸைப் பழையதாக வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை.

வாட்டர்ப்ரூஃப் காம்பாக்ட்டை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். முன்னால் வைத்திருந்தவர் எத்தனை முறை உப்போடு மூடினார், எப்போது சீல் மாற்றினார் என்பதைக் கேமராவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாங்கியதும் பேட்டரி இல்லாமல், மெமரி கார்டு இல்லாமல், மூடியைப் பூட்டி ஒரு வாளி நீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ தாள் மடித்து வைத்திருந்தால் ஈரம் பட்டதா என்று உடனே தெரியும். பட்டிருந்தால் அப்படியே கடையில் திருப்பிக் கொடுங்கள்.