இன்ஜின் ‘இளைத்து’ ஓடுகிறது: லீன், ரிச் கலவைகளுக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

இன்ஜினுக்குள் போகும் காற்று–பெட்ரோல் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்தால் ‘லீன் மிக்ஸ்சர்’, மிகுந்தால் ‘ரிச் மிக்ஸ்சர்’. இவ்விரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு இங்கே நடக்கும் பேச்சில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகமான கார்புரேட்டரைக் கழற்றி வைத்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். லீனுக்கு வந்தவை: நீர்த்த கலவை, ஐதான கலவை, மெலிந்த கலவை, காற்றுமிகு கலவை, எரிபொருள்குறை கலவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இளைகலவை, கொழுகலவை. வினையாகச் சொன்னால் ‘இன்ஜின் இளைத்து ஓடுகிறது’, ‘கொழுத்து ஓடுகிறது’. காரணங்களைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு பழைய வலி இருக்கிறது. என் வண்டி ஒரே வேகத்தில் போகும்போது யாரோ முன்னும் பின்னும் இழுப்பதுபோல உந்தி உந்தி ஓடியது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் பாயும். விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பப் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கை, நன்றாகச் சூடான பிறகும் பாதி இழுத்து வைத்தால் ஒழுங்காக ஓடியது. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கார்புரேட்டரின் கலவைத் திருகைப் பற்றித் தமிழில் எழுதிய ஒரு குறிப்பு கிடைத்தது. ‘திருகை உள்ளே செலுத்தினால் கலவை கூடும், வெளியே எடுத்தால் கலவை குறையும்’ என்று இருந்தது. அதை நம்பி உள்ளே திருகினேன். வண்டி இன்னும் மோசமானது. பிளக்கைக் கழற்றினால் பீங்கான் முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது, பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம்.

‘கலவை கூடும்’ என்றால் கலவையில் எது கூடும்? காற்றும் கலவையில்தான் இருக்கிறது, பெட்ரோலும் கலவையில்தான் இருக்கிறது. எழுதியவர் மனத்தில் பெட்ரோல் இருந்தது. சொல்லில் அது இல்லை.

அந்தக் குறிப்பில் இன்னொரு பிழையும் இருந்தது. மிக்ஸ்சர் ஸ்க்ரூ என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வகை. ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் பெரும்பாலும் அது காற்றை அளக்கும் திருகு: உள்ளே திருகினால் காற்று குறையும், பெட்ரோலின் பங்கு ஏறும். இன்ஜின் பக்கமாக இருந்தால் அது பெட்ரோல் கலந்த கலவையை அளக்கும் திருகு: உள்ளே திருகினால் பெட்ரோலின் பங்கு இறங்கும். ஒரே திசையில் திருகினாலும் பலன் நேர் எதிர். என் வண்டியில் இருந்தது இரண்டாவது வகை. இவற்றைக் காற்றுத் திருகு, எரிபொருள் திருகு என்று பிரித்து எழுதலாம், அதில் யாருக்கும் சண்டை இருக்காது. ஆனால் திருகியதன் விளைவைச் சொல்ல ஒரு சோடிச் சொல் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நான் மேலே எழுதியதுபோல ‘பெட்ரோலின் பங்கு ஏறும், இறங்கும்’ என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கும்.

இனி பரிந்துரைகள்.

‘நீர்த்த கலவை’ வேண்டவே வேண்டாம். நீர்த்த அமிலம் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் படித்த பழக்கத்தில் வந்த சொல் இது, அங்கே சரி. இங்கே, டாங்கில் தண்ணீர் இறங்கி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் தேங்குவது என்று உண்மையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ‘கலவை நீர்த்துவிட்டது’ என்று ஒருவர் எழுதினால் படிப்பவர் கிண்ணத்தின் வடிகால் திருகைத்தான் தேடுவார்.

‘ஐதான கலவை’ எனக்குப் பிடித்த சொல். ஈழத்துப் பாடநூல்களில் ஐதான அமிலம், செறிந்த அமிலம் என்று இரண்டும் அழகாக நிலைத்திருக்கின்றன. தண்ணீரை இழுக்காமல் செறிவுக் குறைவை மட்டும் சொல்லும் நல்ல தமிழ். பரிந்துரைத்த அம்மாவின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ‘இன்ஜின் ஐதாக ஓடுகிறது’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கவில்லை. அந்த வழக்கு இல்லாத வாசகருக்குச் சொல்லையே முதலில் விளக்க வேண்டும். பட்டறையில் நமக்கு அதிகம் தேவைப்படுவது பெயர் அல்ல, வினை. ‘திறந்ததும் லீனா போகுது’, ‘பாதி த்ராட்டில்ல ரிச்சா இருக்கு’ என்றுதான் பேச்சே நடக்கிறது.

‘காற்றுமிகு’, ‘எரிபொருள்குறை’ இரண்டும் துல்லியமானவை என்று வாதிட்டவருக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் விஷயமே இருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் அதைப்போல ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் 9,000 லிட்டர் அளவுக்குக் காற்று. இன்ஜின் தன் முழு வலுவைக் கொடுப்பதோ 12.5, 13 மடங்கு அருகில்தான், அதாவது பெட்ரோல் சற்றுத் தூக்கலாக இருக்கும்போது. இந்த விகிதம் 14.7-க்கு மேலே போவதற்கு, அதாவது கலவை லீன் ஆவதற்கு, இரண்டு வழிகள் உண்டு. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர் வெடித்து, கார்புரேட்டரைத் தாண்டிக் கள்ளக்காற்று நுழைந்தால் காற்று உண்மையிலேயே மிகும். ஆக்சிலரேட்டர் குறைவாகத் திறந்திருக்கும்போது பெட்ரோலை அளந்து விடும் பைலட் ஜெட்டின் முடியளவுத் துளையில் பழைய பெட்ரோலின் பிசின் அடைத்தாலோ, மிதவையின் மட்டம் இறங்கியிருந்தாலோ, டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டுப் பெட்ரோல் இறங்க மறுத்தாலோ, காற்று எப்போதும்போலத்தான் வருகிறது, குறைந்தது பெட்ரோல்.

இந்த இரண்டாவது வகைக் கோளாறு உள்ள வண்டியை ‘காற்றுமிகு’ என்று அழைத்தால், பழுது பார்ப்பவர் ரப்பரையும் கிளாம்பையும் நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பார். முதல் வகையை ‘எரிபொருள்குறை’ என்றால், ஒன்றும் கெடாத ஜெட்டைக் கழற்றிக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிடுவார். (பித்தளை ஜெட்டில் கம்பி விடாதீர்கள். அந்தத் துளையின் அளவுதான் ஜெட்டே. கிளீனர் தெளித்து ஊதினால் போதும்.) எனவே நமக்கு வேண்டிய சொல் நிலையைச் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்லக் கூடாது. காரணத்தைத் தேடுவது பழுது பார்ப்பவரின் வேலை.

மனிதர் இளைத்திருக்கிறார் என்று சொல்கிறோம். சாப்பாடு குறைந்தும் இளைத்திருக்கலாம், உழைப்பு மிகுந்தும் இளைத்திருக்கலாம். சொல் எதையும் முன்கூட்டித் தீர்ப்பாகச் சொல்வதில்லை. ‘மெலிந்த’ என்பதற்கும் இந்தக் குணம் உண்டு, ஆகவே அதை நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் இளைப்புக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது: களைப்பு, மூச்சிரைப்பு. பெட்ரோல் போதாத இன்ஜின் செய்வது அதைத்தானே? ஓடும், தயங்கும், மறுபடி உந்தும். உடல் மெலிவும் மூச்சு வாங்கலும் ஒரே சொல்லில் இருக்கும்போது, காதால் கேட்டதும் கோளாறு புரிகிறது.

‘கொழுத்த’ என்பது ஏச்சுபோல ஒலிக்கிறது என்று ஒரு மறுப்பு வந்தது. திமிருக்கும் கொழுப்பு என்கிறோம், உண்மைதான். ஆனாலும் கொழு என்ற வினைக்குப் பருத்தல், செழித்தல் இரண்டும் நேர்ப்பொருள்கள். ‘ரிச்’ இங்கே சுமந்து வரும் பொருளும் அதுவே. கொழுகலவையில் ஓடும் வண்டியின் அடையாளங்களும் பொருந்துகின்றன: கனத்து மந்தமாக ஏறும், கரும்புகை விடும், பிளக்கில் கரி அப்பியிருக்கும். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல இளைகலவை, கொழுகலவை. தட்டச்சில் ‘இழைகலவை’ ஆகிவிடும் ஆபத்து உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க அதை வேலையில் போட்டுப் பார்ப்பதே வழி. ட்யூனிங் குறிப்பை இந்தச் சொற்களால் எழுதிப் பார்த்தேன்:

“ஆக்சிலரேட்டர் எந்த அளவு திறந்திருக்கும்போது இளைக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை இளைத்தால் பைலட் ஜெட்டையும் மிக்ஸ்சர் திருகையும் பாருங்கள். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை என்றால், ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசி. முக்காலுக்கு மேல், பெரிய துளையுள்ள மெயின் ஜெட். எங்கும் இளைத்தால், அல்லது ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜினின் சுற்று வேகம் அடங்காமல் உயர்ந்தே நின்று மெல்ல இறங்கினால், ஜெட்டைத் தொடும் முன் கள்ளக்காற்றைத் தேடுங்கள்.

ஊசியைத் தாங்கும் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கினால் ஊசி மேலேறும், கலவை கொழுக்கும். கிளிப்பை ஏற்றினால் ஊசி இறங்கும், கலவை இளைக்கும். எரிபொருள் திருகை மெதுவாக அடிவரை இறக்கி, அழுத்தாமல், ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். அழுத்தினால் முனை உடைந்து துளையில் சிக்கும். நன்றாகச் சூடான இன்ஜினில் கால் சுற்றாகத் திருகி, ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) எங்கே அதிகம் உயர்ந்து சீராக நிற்கிறதோ அங்கே விடுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் எடுத்தும் இளைப்பு தீராவிட்டால் குறை திருகில் இல்லை, ஜெட் அடைத்திருக்கிறது அல்லது சிறியது.”

கிளிப்–ஊசி வரியைக் கவனியுங்கள். இறங்கினால் ஏறும், ஏறினால் இறங்கும் என்று ஏற்கெனவே குழப்பும் இடம் அது. அங்கே மூன்றாவதாக ‘கலவை கூடும், குறையும்’ என்றும் போட்டால் படிப்பவர் கதி என்ன? கொழுக்கும், இளைக்கும் என்று வந்ததும் அந்த முடிச்சு அவிழ்கிறது.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டியில் கலவை இளைத்தால் ஆயிலும் கூடவே குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் ‘வறள்கலவை’ என்று ஒருவர் தனியாக எனக்குச் சொன்னதை நெடுநேரம் யோசித்தேன். வறண்டு ஓடுதல் அழகான வழக்குதான். ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டுபவர் அதைக் கேட்டால் ஆயில் தீர்ந்துவிட்டதாகப் பதறுவார்.

சோக்குக்குச் சொல் தேடும் நண்பருக்கு: பல கார்புரேட்டர்களில் அது காற்றை அடைப்பதே இல்லை, கூடுதல் பெட்ரோலுக்கு ஒரு தனி வழியைத் திறக்கிறது. ஆகையால் ‘அடைப்பான்’ என்று அவசரமாக முடிவு செய்ய வேண்டாம். இந்தச் சோடி நிலைத்தால் அதற்கும் கொழு என்பதிலிருந்தே ஒரு சொல் பிறக்கலாம்.

எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. 14.7-இல் நிற்கும், இளைக்கவும் கொழுக்கவும் செய்யாத கலவையை என்ன சொல்வது? ‘சரிகலவை’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் முழு வலு வேண்டும்போது அது சரியான கலவை இல்லையே. ‘ஈடுகலவை’ என்று வைத்தால், காற்றும் பெட்ரோலும் ஒன்றுக்கொன்று ஈடாக எரிந்து தீர்வதைச் சொல்லிவிடும் என்று தோன்றுகிறது. அமிலமும் காரமும் கற்றுக்கொடுப்பவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.