ஆண்ட்வெர்ப்பை விற்றாரா மார்னிக்ஸ்?

பழஞ்சுவடி:
"1585இல் ஆண்ட்வெர்ப்பை ஸ்பெயினுக்கு விற்ற துரோகி பிலிப்ஸ் மார்னிக்ஸ்" என்று நேற்று ஒரு மேதாவி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஸ்பானியப் படை அந்தத் துறைமுக நகரை முற்றுகையிட்டபோது அங்கே மேயராக இருந்தவர் மார்னிக்ஸ். ஜெனீவாவில் புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வினிடம் படித்த மனிதர். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த நெதர்லாந்துக் கலகத்தின் தொடக்கத்திலேயே, 1567இல், ஓஸ்டர்வேல் சண்டையில் அண்ணனைப் பறிகொடுத்தவர். 1573இல் ஸ்பானியரிடம் சிறைப்பட்டு மீண்டவர். அப்புறம் கலகக்காரர்களுக்காக இங்கிலாந்தின் எலிசபெத் ராணியிடம் தூது போனவர். விற்கிற ஆளா இவர்?

முள்முருங்கை:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டுங்கள். தூது போன கதையெல்லாம் எனக்கும் தெரியும். கேள்வி ஒன்றுதான்: ஆற்றுவெள்ளத்தைத் தடுத்து நின்ற கௌவன்ஸ்டைன் கரையை ஏன் வெட்டவில்லை? கலகத் தலைவர் ஆரஞ்சு வில்லியம் சாகும் முன்பே சொன்ன யோசனை அது. வெட்டியிருந்தால் வயலெல்லாம் வெள்ளக்காடு. ஸ்பானியத் தளபதி பார்மா ஆற்றை மறித்துக் கட்டிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு, கலகக்காரர் பக்கமிருந்த ஜீலாந்து மாகாணத்தின் படகுகள் தானியத்தோடு வந்திருக்கும்.

பழஞ்சுவடி:
தடுத்தது கசாப்புக்காரர் சங்கம். அங்கே மேய்ந்தவை அவர்கள் மாடுகள். மார்னிக்ஸ் மேயர், மன்னர் இல்லை. சங்கங்கள் ஒப்பாமல் அந்த ஊரில் ஒரு மண்வெட்டி எழும்பாது.

முள்முருங்கை:
ஆக, மாட்டுக்காக ஊரைக் கொடுத்தார். நல்ல வக்காலத்து!

உப்புக்காற்று:
ஏப்ரலில் ஆண்ட்வெர்ப்புக்காக வேலை செய்த இத்தாலியப் பொறியாளர் ஜியாம்பெல்லியின் வெடிகப்பல் பாலத்தில் ஓட்டை போட்டதே, நூற்றுக்கணக்கான ஸ்பானியர் செத்தார்களே. அப்போதும் ஆற்றின் கீழ்ப்பக்கம் காத்திருந்த கலகக்காரர் கப்பல்கள் அசையவில்லை. அதைப் பேசுங்களேன். டச்சு தேசிய கீதம் எழுதியவரை இப்படியா பேசுவது?

முள்முருங்கை:
கீதத்தை அவர்தான் எழுதினார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பள்ளிக்கூடக் கட்டுரை எழுத வேண்டாம்.

பழஞ்சுவடி:
மே 26இல் அந்தக் கரையை வெட்டவே செய்தார்கள். மார்னிக்ஸ் கரைமேலேயே நின்றார். ஆயிரக்கணக்கானோர் செத்த சண்டை. இதைப் படிக்காமல் "வெட்டவில்லை, வெட்டவில்லை" என்றால் நான் என்ன செய்ய? பல வருடமாக இந்தக் காலத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முள்முருங்கை:
நின்றார், சரி. முதல் படகு உள்ளே வந்ததும் வெற்றி என்று சொல்ல ஊருக்குப் போனாரே? அவர் போனபின் ஸ்பானியர் கரையை மீட்டு உடைப்பை அடைத்தார்கள். அதுவும் முந்தைய வருடமே, எதிரி வந்து உட்காரும் முன், சும்மா வெட்டியிருக்கலாம்.

பழஞ்சுவடி:
கசாப்புக்காரர்கள் விடவில்லை! எத்தனை தடவை எழுதுவது?

முள்முருங்கை:
நான் எத்தனை தடவை கேட்பது? அதே ஆகஸ்டில் இங்கிலாந்தோடு ஒப்பந்தம், ராணி படை அனுப்ப ஒத்துக்கொள்கிறார். 17இல் இவர் சரணடைகிறார். ஒரே மாதம்!

பழஞ்சுவடி:
ரொட்டி இல்லாத ஊருக்கு இங்கிலாந்தில் போட்ட கையெழுத்து சோறு போடுமா? சீர்திருத்தச் சபையினர், அதாவது புராட்டஸ்டண்ட்டுகள், சொத்தை விற்றுக்கொண்டு வெளியேற நான்கு வருடத் தவணை வாங்கிக் கொடுத்தாரே, எந்தத் துரோகி அப்படிச் செய்வான்?

முள்முருங்கை:
தவணை கொடுத்தது பார்மாவின் சாமர்த்தியம். ஹாலந்துக்காரரே இவரைச் சந்தேகப்பட்டார்கள். கரைக்கு வாருங்கள்.

பழஞ்சுவடி:
அதே ஹாலந்துக்காரர்தான் பின்னாளில் அழைத்து பைபிளை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். 1598இல் லைடனில் அந்த வேலையில் இருக்கும்போதுதான் செத்தார். துரோகியிடமா வேதத்தைக் கொடுப்பார்கள்?

முள்முருங்கை:
பைபிளில் கரை வருகிறதா?