எவ்வளவு ஓய்வு தேவை? அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் சொல்லுங்கள்

குழுவிலுள்ள அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். டிசம்பரில் அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். வயது 46. விடியற்காலையில் சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓட்டம், மாலையில் எடைப் பயிற்சி.

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை எண்ணுவது என் வழக்கம். 58 இருக்கும். சில வாரங்களாக 66க்குக் கீழே இறங்க மறுக்கிறது. முன்பு பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இப்போது மூச்சு வாங்குகிறது. உடல் அடித்துப் போட்டாற்போல் இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன் என்கிறார் மனைவி; அதற்கு ஓட்டம் மட்டும்தான் காரணமா என்பது வேறு விவாதம்.

பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை ஆயிற்று. ரத்தசோகை இல்லை, தைராய்டும் சரி. “பயிற்சியைக் குறையுங்கள்” என்றார் மருத்துவர். எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்கள்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது. அது பொதுவான உடல்நலத்துக்கு; 21 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அளவு எது? நம் ஊர்ப் புழுக்கத்தில் இதயம் கூடுதலாக உழைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு வாரம் அடியோடு நிறுத்துவதா, தூரத்தைப் பாதியாக்கி மெதுவாக ஓடுவதா? ஓட்டத்தையும் எடைப் பயிற்சியையும் ஒரே நாளில் முடித்து, மறுநாள் முழு ஓய்வு எடுப்பவர்கள் உண்டா? நாடித்துடிப்பு பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆயிற்று? நாற்பதைத் தாண்டியவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. மனவுறுதி பற்றிய அறிவுரை மட்டும் வேண்டாம், அது என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.