மதுரையில இறங்கி மூணாறு, ஊட்டி, பந்தலூர்: ஏப்ரல் லீவுல கார்ல போறது சரி வருமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
வணக்கம். அம்மாவ கூட்டிக்கிட்டு இந்தியா போகணும். அம்மாவோட அண்ணன் குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல (நம்ம தோட்டத்து தமிழ் ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்பின ஒப்பந்தம்) போனவங்க, மண்டபம் அகதி கேம்ப்ல இருந்து நீலகிரியில தமிழ்நாடு அரசாங்கத்தோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க, இப்பவும் பந்தலூர் பக்கம் கொளப்பள்ளியிலதான் இருக்காங்க. அம்மா அவர கடைசியா பாத்தது ஹட்டன் ஸ்டேஷன்ல. புள்ளைங்க மூணாறு ஊட்டி எல்லாம் கேக்குதுங்க. ஏப்ரல் ஸ்கூல் லீவு, ஒரு கிழமைதான். மதுரைக்கு நேரா ப்ளைட் இருக்கு, இறங்கி செல்ஃப் டிரைவ் கார் எடுக்கலாம்னு யோசனை. நுவரெலியா ரோட்டுல ஓட்டி பழக்கம், அங்கயும் இடது பக்கம்தானே?

வெள்ளவத்தை வாசி:
ஓடுறது பிரச்சினை இல்லை, இன்டர்நேஷனல் பெர்மிட்ட இங்கயே எடுத்துக்கொண்டு போங்கோ. ஆனா நான் எண்டா ட்ரைவரோட கார் பிடிப்பன். தேனி, போடி தாண்டி போடிமெட்டு ஏறேக்க கொண்டை ஊசி வளைவு வந்துகொண்டே இருக்கும், பிறகு பூப்பாறை, கேப் ரோட், அது மழைக்கு மண் சரியிற இடம், ஸ்டியரிங்க பிடிச்சுக்கொண்டு நீங்கள் ஒண்டையும் பாக்கேலாது. தமிழ்நாட்டு வண்டி கேரளாவுக்குள்ள போக டாக்ஸ் கட்டவேணும், அதையும் ட்ரைவரே பாப்பார். மூணாறில டீ மியூசியம் திங்கள் பூட்டு. இரவிகுளம் தேசிய பூங்கா வரையாட்டுக் குட்டி ஈனுற காலம் எண்டு பெப்ரவரி, மார்ச்சில பூட்டியிருக்கும், ஏப்ரலில திறந்திடும்.

மஸ்கெலியா மச்சான்:
வெள்ளவத்தை அண்ணன் சொன்னது சரி, ஆனா ஏப்ரல்ல ஊட்டியே வேணாங்க. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (வண்டிக்கு ஆன்லைன்ல எடுக்குற அனுமதி), 2025 சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000னு ஹைகோர்ட் அளவே வச்சிருச்சு. பொட்டானிக்கல் கார்டன் பாக்கவா இவ்வளவு தூரம் போறீங்க, நம்ம ஹக்கல இருக்கே. மேப்ல கிட்டக்க தெரியும், ஆனா மூணாறுல இருந்து மறையூர், சின்னாறு, உடுமலை இறங்கி, மேட்டுப்பாளையம் வந்து, கோத்தகிரி ஏறி, ஊட்டி, நடுவட்டம், கூடலூர் தாண்டித்தான் பந்தலூர். வயசான அம்மாவ வச்சுக்கிட்டு அத ஒரே மூச்சுல ஓடாதீங்க. கூடலூர் தாண்டினா ரோட்டுலயே யானை நிக்கும், இருட்டுறதுக்கு முன்ன போய் சேந்துருங்க. மாமா வீட்டுல தங்குறதா இருந்தா வெளிநாட்டு ஆளுங்க தங்குறத அரசாங்கத்துக்கு சொல்ற சி-ஃபார்ம் ஒன்னு வீட்டுக்காரங்க ஆன்லைன்ல போடணும், நம்மள அங்க வெளிநாட்டுக்காரங்கனுதான் எடுப்பாங்க, என்ன செய்ய.

மாமா இருக்குற டேன்டீ தோட்டமே 1968ல நம்ம ஆளுங்கள குடியேத்தத்தான் தமிழ்நாடு அரசாங்கம் ஆரம்பிச்சது, 1976ல கம்பெனியா மாத்தினாங்க. காட்ட வெட்டி கன்னு வச்சதே இங்கருந்து போனவங்கதான். மாமாவ பேச விட்டு ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணிக்கங்க, புள்ளைங்களுக்கு ஊட்டிய விட அது பெருசு.

தெமட்டகொட ரைடர்:
ஊட்டிக்கு பதிலா வால்பாறை போங்க, ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி, புதுத்தோட்டம் கிட்ட சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும். அங்கயும் பாஸ் கேக்குறாங்களாண்டு போக முந்தி பாத்துக்கங்க. மூணாறு போறதுண்டா விடியச்சாமம் சூரியநெல்லியில ஜீப் பிடிச்சி கொளுக்குமலை ஏறுங்க, உங்கட கார் அந்த பாதையில போகாது, முதுகு வலி உள்ள ஆக்கள ஏத்தவும் வேணாம். மேல உள்ள பெக்டரி தூள் வாங்குங்க, ஓர்தடொக்ஸ் (இலைய சுருட்டி செய்யுற தூள்), நம்மட பால் இல்லாத ப்ளேன்டி மாதிரியே ஊத்தலாம். கீழ கடைகள்ல அநேகமா சிடிசிதான் (சின்ன உருண்டையா வார தூள்), பால் ஊத்தாம குடிக்க ஏலாது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நன்றி எல்லாருக்கும். அம்மாகிட்ட கேட்டேன், ஊட்டியும் வேணாம் குரங்கும் வேணாம், அண்ணன் வீட்டுல இருக்கணும்ங்குறாங்க. மூத்தவன் மட்டும் மூணாற விட மாட்டேங்குறான். ஆகஸ்ட் லீவுக்கு தள்ளிப் போட்டா கூட்டம் குறையுமா?

மஸ்கெலியா மச்சான்:
ஆகஸ்ட் வேண்டவே வேணாம், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்கு பருவம் கொட்டித் தீக்கும், ரோடு அடைபடும். டிசம்பர் லீவுன்னா நல்லது, குளிருக்கு அம்மாவுக்கு சுவெட்டர் மட்டும் எடுங்க. ஊட்டி இல்லேன்னா மதுரையும் வேணாமே, கொச்சிக்கு ப்ளைட் எடுங்க. அங்கருந்து நிலம்பூர், வழிக்கடவு வழியா நாடுகாணி ஏறினா பந்தலூர் பக்கத்துலதான். முதல்ல மாமா வீடு, மிச்ச நாள் இருந்தா திரும்பி வாறப்ப மூணாறு, அதுவும் கொச்சியில இருந்தே ஏறலாம். ஊட்டி போகாட்டியும் நாடுகாணி செக்போஸ்ட்ல இ-பாஸ் பாப்பாங்க, நீலகிரி மாவட்டத்துக்கே அது வேணும். வெளிநாட்டு ஆளுங்க ஈமெயில் போட்டு எடுக்கலாம், இந்தியா நம்பர் தேவையில்ல. வண்டி நம்பர் கேக்கும், அதனால கார் பேசி முடிச்ச பிறகு போடுங்க.