யெப்தாவின் மகளும் ‘அல்லது’ என்ற சொல்லும்

பழைய பிரட்டுக்களம்:
நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் இஸ்ரவேலின் தலைவன் யெப்தா தன் மகளைப் பலியிடவே இல்லை என்று ‘மிஸ்பா வாசல்’ நேற்று எழுதியிருந்தார். “கர்த்தருக்கு உரியதாகும், அல்லது தகனபலியாகும்” என்பதே அவன் கர்த்தருக்குச் செய்த பொருத்தனையின், அதாவது நேர்ச்சையின், கருத்தாம். அவளைக் கொன்றான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு வேதம் வாசிக்கத் தெரியாது என்றும் சேர்த்திருந்தார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். குவாலா கெட்டிலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தை ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

அம்மோனியரை வென்று திரும்பும்போது என் வீட்டு வாசற்படியிலிருந்து எதிர்கொண்டு வருவது எதுவோ “அது கர்த்தருக்கு உரியதாகும், அதைச் சர்வாங்க தகனபலியாகச் செலுத்துவேன்” என்று யெப்தா நேர்ந்துகொண்டான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள். 31ஆம் வசனத்தை அப்படியே தந்துவிட்டேன். இதில் ‘அல்லது’ எங்கே இருக்கிறது?

மிஸ்பா வாசல்:
ஐயா, நீங்கள் வாசிப்பது மொழிபெயர்ப்பு. எபிரேய மூலத்தில் அந்த இரண்டு வாக்கியங்களையும் இணைப்பது ‘வாவ்’ என்ற ஒரே எழுத்து. பெரும்பாலும் ‘உம்’ என்று பொருள்படும் அந்த எழுத்து, இடத்துக்கேற்ப ‘அல்லது’ என்றும் பொருள்படும். யாத்திராகமம் 21:15ஐத் திறந்து பாருங்கள். “தன் தகப்பனையாவது தன் தாயையாவது அடிக்கிறவன்” என்று நம் தமிழ் வேதமே சொல்கிறது. அங்கும் மூலத்தில் இருப்பது அதே வாவ்தான். இருவரையும் சேர்த்து அடித்தால்தான் குற்றம் என்று எவரும் சொல்வதில்லை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கி இந்த வழியில்தான் விளக்கினார். அவள் உலகத்தை விட்டு ஒதுங்கிக் கன்னியாக வாழ்ந்தாள் என்பது அவருடைய முடிவு. சாகப் போகிறவள் தன் உயிருக்காக அல்லவா அழுவாள்? இவளோ தன் கன்னிமையினிமித்தம் துக்கங்கொண்டாட இரண்டு மாதத் தவணை கேட்கிறாள்.

பழைய பிரட்டுக்களம்:
கிம்கியின் பெயரைச் சொன்னால் நான் வாயடைத்துப் போவேன் என்று நினைத்துவிட்டீர்கள். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே, முதலாம் நூற்றாண்டில், யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இந்தச் சம்பவத்தை எழுதினார். யெப்தா மகளைப் பலியிட்டான் என்றும், அந்தப் பலி சட்டத்துக்கும் ஒவ்வாதது, கடவுளுக்கும் ஏற்காதது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

உங்கள் யாத்திராகமம் இங்கே பொருந்தாது. தகப்பன் வேறு, தாய் வேறு. ஆகவே ‘ஆவது’ போட முடிந்தது. தகனபலியானது கர்த்தருக்கு உரியதுதானே? ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிற இரண்டுக்கு நடுவே ‘அல்லது’ எப்படி நிற்கும்? “மாடு எனக்கு உரியது, அல்லது அதன் பாலைக் கறப்பேன்” என்று யாராவது பேசுவார்களா?

என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய வேதாகமம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. 39ஆம் வசனத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் பட்ட பால்கறை காய்ந்து கறுத்துப் போயிருக்கிறது. “தன் பொருத்தனையின்படி அவளுக்குச் செய்தான்” என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார். கிம்கியை அறியாத மனிதர் அவர். ஆனால் அந்த வரி சொல்வதை விளங்கிக்கொண்டு, அங்கேயே நின்று கலங்கியிருக்கிறார். வேண்டுமானால் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். ‘அல்லது’ எங்கே?

ஒட்டுப்பால்:
பெரியவர்கள் நடுவே பேசுவதற்கு மன்னிக்கவும். லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தில், நேர்ந்துகொள்ளப்பட்ட ஆளைப் பணம் கொடுத்து மீட்க வழி இருக்கிறது. ஐந்து வயது முதல் இருபது வயது வரையிலான பெண்பிள்ளைக்குப் பத்துச் சேக்கல். இருபது பட்டணங்களைப் பிடித்துவிட்டு வந்தவனிடம் பத்துச் சேக்கல் இல்லையா? எனக்கு இதுதான் விளங்கவில்லை.

மிஸ்பா வாசல்:
நன்றாகக் கேட்டீர்கள், தம்பி. மீட்பதற்கு வழியிருந்தும் அவன் கொன்றான் என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்று இப்போது தெரிகிறதா?

பழைய பிரட்டுக்களம்:
வழி இருந்தது என்பதால் அவன் அந்த வழியில் போனான் என்று ஆகிவிடாது. “நான் கர்த்தரை நோக்கி என் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன், அதை நான் மாற்றக்கூடாது” என்று 35ஆம் வசனத்தில் அவனே சொல்கிறான். கன்னியாக வைத்திருப்பதற்கு எவனாவது வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்வானா? தம்பி, கேள்வியை மாற்றாதீர்கள். கேள்வி ‘அல்லது’ பற்றியது.

லயத்து மகள்:
நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டில் இருப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் ‘எதுவோ’ இல்லை. ‘யார்’ என்றும் ‘அவர்’ என்றும் இருக்கிறது. ஆடோ கன்றோ வரும் என்று அவர் நினைத்திருப்பார் என்று சொல்லித் தப்பிக்க எங்களுக்கு வழியில்லை. வெற்றியோடு வருகிறவர்களைப் பெண்கள்தான் மேளத்தோடு எதிர்கொள்வார்கள். மோசேயின் சகோதரி மிரியாமும் அப்படித்தான் ஆடினார், சவுலுக்கும் தாவீதுக்கும் அப்படித்தான் வந்தார்கள். யார் வருவார்கள் என்று இப்தாவுக்கு, அதாவது உங்கள் யெப்தாவுக்கு, தெரியாமல் இருந்திருக்காது.

எனக்கு ஏழு வயதில் கடுமையான காய்ச்சல். என் அம்மா லயத்து வாசலில் நின்று, பிள்ளை பிழைத்தால் முடியைக் கொடுப்பதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டார். என் முடி இடுப்பு வரை இருந்தது. ஒரு பலகைமேல் உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். சிவப்பு ரிப்பனோடு பின்னல் அப்படியே என் மடியில் விழுந்தது. அம்மாவும் அழுதார், “நீ ஏன்டி அழுது என்னை அழ வைக்கிறாய்” என்று என்னையே ஏசினார். 35ஆம் வசனத்தில் அந்தத் தகப்பனும் மகளைப் பார்த்து, நீ என்னைக் கலங்கப் பண்ணுகிறாய் என்கிறார். நேர்ந்தது அவர், பழி அவளுக்கு. அந்த அதிகாரத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லையே.

மிஸ்பா வாசல்:
சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முடி திரும்ப வளர்ந்துவிடும். மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்வதானால், மிஷனரி பவர் ஐயர் தலைமையில் 1871இல் வந்த வேதாகமத்தின் வழியில் நாங்கள் வாசிக்கிறோம். அதில் ‘எது’ என்றுதான் இருக்கிறது.

லயத்து மகள்:
முடி வளர்ந்துவிடும் என்று எனக்கும் தெரியும், அண்ணன். என்னைக் கேட்காமல் நேர்ந்தார்கள் என்பதைத்தான் சொன்னேன். எந்த வேதாகமம் பழையது என்று நான் கேட்கவே இல்லை.

பழைய பிரட்டுக்களம்:
இரண்டு மொழிபெயர்ப்பிலும் ‘அல்லது’ இல்லை என்பதைக் கவனிக்கவும்.

மிஸ்பா வாசல்:
ஐயா இந்தச் சொல்லை ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறார் என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேதாகம வினாடி வினாவில் “யெப்தாவின் மகளுக்கு என்ன நேர்ந்தது” என்று கேட்டார்கள். “கர்த்தருக்கென்று கன்னியாக வாழ்ந்தாள்” என்று என் மகள் பதில் சொன்னாள். நடுவராக இருந்தவர் இந்த ஐயாதான். தவறு என்று இரண்டு மதிப்பெண்ணை எடுத்துவிட்டார். அந்த இரண்டு மதிப்பெண்ணில்தான் அவளுடைய குழு தோற்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செம்பனைத் தோப்புப் பாதையில் அவள் என்னோடு பேசவில்லை. வாசலுக்கு வந்ததும், “அப்படியானால் அவர் கொன்றுவிட்டாராப்பா? கடவுள் பார்த்துக்கொண்டு இருந்தாரா?” என்று கேட்டாள். எனக்கு இருப்பதும் ஒரே மகள். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், ஐயா?

பழைய பிரட்டுக்களம்:
விடை தவறு, ஆகவே மதிப்பெண் இல்லை. உங்கள் மகள் என்பதற்காக வேதத்தைத் திருத்த முடியாது.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். கடவுள் அந்தப் பலியைக் கேட்கவில்லை. உபாகமம் 12:31 பிள்ளைகளைச் சுட்டெரிப்பதை அருவருப்பு என்கிறது. அது என் மனதில் தோன்றவுமில்லை என்று எரேமியா 7:31இல் கர்த்தர் சொல்கிறார். நேர்ந்தவன் மனிதன், செய்தவனும் மனிதன். அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான் என்றுதான் அந்தப் புத்தகமே முடிகிறது. வேதத்தில் எழுதப்பட்டதெல்லாம் வேதம் மெச்சுவதல்ல. கொலையைக் கொலை என்று சொன்னால்தான் பிள்ளைகள் அதை வெறுக்கக் கற்பார்கள். ‘அல்லது’ போட்டு மூடினால் அந்தப் பெண்ணை இரண்டாம் முறை புதைக்கிறோம்.

மிஸ்பா வாசல்:
அப்படியானால் 29ஆம் வசனத்தில் கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்கினது எப்படி? எபிரெயர் 11:32இல் தாவீது, சாமுவேலோடு யெப்தாவின் பெயரும் விசுவாச வீரர் வரிசையில் இருப்பது எப்படி? மகளைச் சுட்டவனையா அங்கே வைப்பார்கள்?

பழைய பிரட்டுக்களம்:
அதே எபிரெயர் வசனத்தில் வேசியிடம் போன சிம்சோனும் இருக்கிறான். அவனுடைய நடத்தையையும் மெச்சுவீர்களா?

ஒட்டுப்பால்:
பழைய யூத விளக்க நூலான ஆதியாகம மித்ராஷில் இதைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அந்த நேர்ச்சையை அவிழ்த்துவிடும் அதிகாரம் ஆசாரியன் பினெகாசுக்கு இருந்ததாம். “நான் பிரதான ஆசாரியன், இவனிடம் நான் போவதா” என்று அவர் இருந்துவிட்டார். “நான் இஸ்ரவேலின் தலைவன், அவரிடம் நான் போவதா” என்று யெப்தாவும் இருந்துவிட்டான். இருவருக்கும் நடுவே அந்தப் பெண் அழிந்து போனாள் என்று அதில் இருக்கிறது. ஐயா, அண்ணன், இருவரும் ஒரே ஊர்தானே? யாராவது ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசலாமே?

மிஸ்பா வாசல்:
மித்ராஷ் நமக்கு வேதம் அல்ல, தம்பி. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்தான் என் வீட்டுக்கு வர வேண்டும்.

பழைய பிரட்டுக்களம்:
வேதாகமம் என் மேசைமேல் இருக்கிறது. பார்க்க வேண்டியவர் வரட்டும். வரும்போது 31ஆம் வசனத்தில் ‘அல்லது’ எங்கே என்று காட்டட்டும்.

மிஸ்பா வாசல்:
யாத்திராகமம் 21:15.

லயத்து மகள்:
அந்தப் பெண்ணுக்காக இஸ்ரவேலின் மகள்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் போய்ப் புலம்பினார்கள் என்று 40ஆம் வசனம் சொல்கிறது. என் வாசிப்பு அங்கேதான் நிற்கிறது.

பழைய பிரட்டுக்களம்:
40ஆம் வசனத்திலும் ‘அல்லது’ இல்லை.